பச்சை ஏறாத தொட்டி

என் பிழைப்பே சந்தேகம்தான். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியின் சீலும் அப்படியே இருக்கிறதா, யாராவது உடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வாங்கும் பால் பாக்கெட்டைக்கூட நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். இந்தப் புத்தியோடுதான் கடல்மீன் தொட்டி வைக்க இறங்கினேன்.

ஆசைப்பட்டு இறங்கவில்லை. கல்மண்டபத்தில் எனக்கு ஒரு தோஸ்து, பழைய யார்டு கூட்டாளி. அவனிடம் ஒரு ஜோடி கிளவுன் மீன் இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. கல்யாணமான புதிதில் வாங்கியவை. அவனுக்குக் குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஓரத்தில் கசிகிற பழைய தொட்டியை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடையில் கொடுத்தால் ஜோடியைப் பிரித்து விற்றுவிடுவார்கள். "மாமு, நீ வெச்சிக்கோ. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வர்ல," என்றான். அவன் கண் கலங்கியதைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டைக் காலி செய்வதற்குள் என் தொட்டி தயாராக வேண்டும். இல்லையென்றால் அந்த ஜோடி போச்சு.

தன் தொட்டியில் இருக்கும் கல்லையும் தருகிறேன் என்றான். நான் வாங்கவில்லை. எத்தனை வருஷத்துக் கல்லோ, உள்ளே என்ன புழு ஒளிந்திருக்கிறதோ. கடல் தண்ணீரும் வேண்டாம் என்றேன். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு உப்புப் பாக்கெட் வாங்கிக் கலக்குகிறான் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். எங்கள் பக்கத்துக் கடலில் என்னென்ன கலக்கிறது என்று சிரித்தவர்களுக்கும் தெரியும்.

கொளத்தூர் வளர்ப்புமீன் கடைக்காரர் ஸ்கிம்மர் என்ற ஒரு கருவியை விற்றார். தண்ணீரை நுரைக்க வைத்து, அழுக்கை அந்த நுரையோடு மேலே இருக்கும் கோப்பைக்குள் தள்ளிவிடுமாம். இது இல்லாமல் கடல்மீன் தாங்காது என்று சத்தியம் செய்யாத குறை. காசு கைமாறியதும், "ஆனா இப்ப போட்டுடாதீங்க சார்," என்றார். லைட்டும் கூடாதாம், பாசி பிடிக்குமாம். முதலில் மீனில்லாத தொட்டியில் ஓர் எறாவைப் போட்டு அழுக விட வேண்டும். அழுகினால் அம்மோனியா ஏறும். அதைத் தின்கிற கிருமி தானாக வளரும். கிருமி பெருகி அம்மோனியா மொத்தமும் இறங்கிய பிறகுதான் மீன், அதற்கப்புறம்தான் ஸ்கிம்மர். முன்னாலேயே ஓட்டினால் கிருமிக்குப் போக வேண்டிய தீனியை அது வாரிக்கொண்டு போய்விடும்.

விற்கும்வரை அது இல்லாமல் ஆகாது, விற்ற பின்னால் தொடாதே. கேரண்டி முடியட்டும் என்று பார்க்கிறார், வேறென்ன?  இருந்தாலும் சொன்னபடி கருவியைத் தொட்டியில் மாட்டியதோடு சரி, சுவிட்சைப் போடவில்லை.

எறாவைச் சின்ன வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்து விட்டுப் பார்ப்பேன். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏறினால் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மஞ்சள்தான். மருந்து காலாவதி என்று கடையில் சண்டை போட்டு வேறு வாங்கி வந்தேன். அதுவும் மஞ்சள். எறா கெடாமல் இருக்க எதையோ தடவி விற்கிறார்கள் என்று காசிமேட்டு மீன் மார்க்கெட்டையே திட்டித் தீர்த்தேன். தோஸ்து வேறு போன் மேல் போன். "இன்னா மாமு, ஏறிச்சா?"

"எங்க மாமு? அம்மோனியா ஏறினாத்தான நல்லது, ஏறவே மாட்டேங்குது," என்று நடுவீட்டில் நின்று புலம்புவேன். என் மனைவி காதில் விழாதது மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

ஒரு சாயங்காலம் என்னவோ தோன்றி ஸ்கிம்மர் கோப்பைக்குள் விரல் விட்டேன். ஈரம். ஓட்டாத கருவியில் ஈரம் எங்கிருந்து வரும்? யாரையும் கேட்கவில்லை. காலையில் அதன் சுவிட்சுக்குக் குறுக்கே மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் டேப் இருந்தது, ஆனால் ஒரு முனை பிரிந்து மறுபடி ஒட்டியிருந்தது. சீலை உடைத்து ஒட்டினால் எனக்கா தெரியாது? வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்திலேயே வந்து நின்றேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஸ்கிம்மர் நுரை கக்கிக்கொண்டிருந்தது. அவள் முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, பழைய எறாவை எடுத்துவிட்டுப் புதிய எறாவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சீல் பார்த்தே சம்பாதிக்கிற நான், தினம் தினம் மாறிய எறாவைக் கவனிக்கவில்லை.

"இன்னா பண்ணிகினு கீற?"

அவள் நிதானமாகக் கையைத் துடைத்தாள். "வூட்டுக்குள்ள அம்மோனியா வளக்குற. நான் பாத்துகினு இருக்கணுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பிறந்த வீடு எண்ணூரை ஒட்டிய முகத்துவாரக்குப்பம். ஒரு ராத்திரி அந்தப் பக்கத்து ஆலைக் குழாயிலிருந்து வாயு கசிந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள். கண் எரிய, மூச்சு முட்ட, அம்மாவை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். ஊரையே விரட்டிய அந்த வாடைக்கு என்ன பெயர் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதே பெயரைச் சொல்லித்தான் ஏறவில்லையே, ஏறவில்லையே என்று நான் புலம்பியிருக்கிறேன்.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. தோஸ்து கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. "இது துளியூண்டு. கொஞ்சந்தான், ஒண்ணும் ஆவாது," என்றேன்.

"அன்னிக்கும் இதான் சொன்னாங்க. கொஞ்சந்தான், ஒண்ணும் ஆவாது, வூட்டுக்குப் போங்கன்னு. விடிஞ்சி பாத்தா கரையில மீனு செத்துக் கெடந்துச்சி."

 சோதனைக் குழாயையும் மருந்தையும் அவள் கையில் கொடுத்தேன். "நான் சொல்றத நம்பாத. நீயே பாரு."

பார்த்தாள். எறாவை அழுக விட்டாள். காலையும் மாலையும் ஜன்னல் வெளிச்சத்தில் குழாயைத் தூக்கிப் பிடித்து, அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடுவாள். பச்சை ஏறியது, கரும்பச்சை ஆனது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்தாள், ஸ்கிம்மரைத் தொடவில்லை. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. அதற்குள் தோஸ்து வீட்டைக் காலி செய்யும் நாள் வந்துவிட்டது.

மீன்களை ஒரு வாளியில் கொண்டுவந்து இறக்கினான். குழாயில் இன்னும் இளம்பச்சை. அன்றைக்கே அவனுக்கு ரயில். "லேசாத்தான் கீது மாமு, வுட்டுடலாம்," என்றான். நானும், "ஆமா, கொஞ்சந்தான்," என்று வாளியைத் தூக்கினேன்.

அவள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சந்தானா?" என்று என்னைக் கேட்டாள்.

வாளியைக் கீழே வைத்தேன். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இத்தினி வருசம் இதுங்க எந்தக் கல்லோட இருந்துச்சிங்கோ? இவரு சொல்ற அம்மோனியா தின்ற கிருமி அதுல இருக்கும் இல்ல? இவரு வேணான்னாரே, அத எடுத்துகினு வாங்க அண்ணே."

தோஸ்து என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்தபோது கல்லையெல்லாம் பழைய தண்ணீரோடு வாசலில் ஒரு டிரம்மில் போட்டு வைத்திருந்தானாம், யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று. இரண்டு பேரும் வண்டியில் போய் அள்ளிக்கொண்டு வந்தோம். கல் தொட்டிக்குள் போனது. மீன்களுக்கு வாளியிலேயே காற்றுக் குழாய் போட்டோம். அவை தொட்டிக்குள் நீந்துவதைப் பார்க்காமலே அவன் ரயிலேறினான்.

மறுநாள் சாயங்காலம் குழாய் மஞ்சளாக நின்றது. அவள் நம்பவில்லை. கழுவிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள், அப்போதும் மஞ்சள். அதன் பிறகுதான் வாளியைத் தொட என்னை விட்டாள். மீன்கள் பழைய கல்லைக் கண்டுபிடித்து அதன் இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டன. ஸ்கிம்மர் சுவிட்சிலிருந்த டேப்பை நானே உரித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மீன்கள் இப்போது நன்றாக இருக்கின்றன. அவள் மட்டும் தினமும் குழாயைத் தூக்கிப் பார்ப்பதை விடவில்லை. "ஒண்ணும் இல்லன்னுதான் தெரியுதே, இன்னும் எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்."

போன வாரம் சோதனை மருந்து தீர்ந்துபோனது. கொளத்தூருக்குக் கிளம்பினேன்.

"ரெண்டு பொட்டியா வாங்கிகினு வா," என்றாள். "ஒண்ணு எங்க அம்மா வூட்டுக்கு, கடத்தண்ணி பாக்க."