குறடு வரை போய் வந்த பல்

செல்லம்மா, முத்தையா! உங்கள் அப்பா நான், நல்ல பல்லையே பிடுங்கிக்கொள்ள இருந்தேன், தெரியுமா?

சென்ற வருஷம் புதுக்கோட்டைப் பல் டாக்டர் என் முன்பல் சொத்தையைப் பல் நிறச் சிமெண்டால் அடைத்தார். அதில் வெற்றிலைக் கறை ஏறியது. விளக்குத் துலக்கும் செங்கற்பொடியால் தினமும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுத்தது! மறுபடியும் சொத்தை என்று பயந்து, பொன்னமராவதியில் பஸ் ஏறி அதே டாக்டரிடம் ஓடினேன்.

"பிடுங்கிருங்க டாக்டரய்யா!"

கையில் குறடு எடுத்தவர், கறையை ஊசியால் சுரண்டிப் பார்த்தார். "எத வச்சுத் தேய்க்கிறீங்க?"

"செங்கப்பொடிங்க."

"இது பல்லா, குத்துவிளக்கா? பல்லு கல்லாட்டம் இருக்குங்க! அடைப்புதான் சொரசொரப்பாகிக் கறையப் புடிச்சிருக்கு."

பல் பிழைத்தது! இப்போது வெற்றிலை போட்டதும் வாய் கொப்பளிக்கிறேன். விரலால் மெல்லத் தேய்க்கிறேன்.

அன்று வீடு திரும்பியதும், தனியாகக் கொல்லைக்குப் போய்ச் செங்கற்பொடி டப்பாவை எருக்குழியில் கவிழ்த்தேன். பிறகு கண்ணாடி முன் நின்று ஒரு தடவை பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தேன்.