கிறிஸ்து வேஷமும் ஞாயிற்றுக்கிழமை மல்யுத்தமும்

என் தம்பி ஃபிதென்சியோவைப் போல ஒரு சாதுவைப் எங்கள் பூவெப்ளா ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான். சவரத்தின் நடுவே வாடிக்கையாளர் கன்னத்தில் கொசு உட்கார்ந்தால்கூட ஊதித்தான் விரட்டுவான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, எங்கள் பேட்டையின் பெரிய வெள்ளி நாடகத்தில் கிறிஸ்துவாக நடிப்பது. கழுதை பிடிப்பவனாக ஆரம்பித்து, கூட்டத்தில் கத்துபவன், தோட்டத்தில் தூங்கும் சீடன் என்று படிப்படியாக ஏறி, ஒருவழியாக அந்த வேஷத்தைப் பிடித்துவிட்டான்.

வேஷத்துக்கு நிபந்தனை உண்டு. வருஷம் முழுக்கக் குடிக்கக் கூடாது, யார் மேலும் கை வைக்கக் கூடாது. மீறினால் அந்த நிமிஷமே வேஷம் பறிபோகும். மறுபடி கழுதையிலிருந்து தொடங்க வேண்டும். அதைக் கண்காணிப்பது நாடகக் குழுத் தலைவி யூப்ரோசினா அம்மாள்.

அவருக்குக் கண்ணை உறுத்தியது கடையிலிருந்த டிவி. ஞாயிறு மாலை அதில் முகமூடி மல்யுத்தம் ஓடும். பேட்டை ஆண்களில் பாதிப்பேர் அங்கேதான் கிடப்பார்கள், கசாப்புக்கடை பால்தசார் முதல் வரிசையில். யூப்ரோசினா அம்மாள் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார். வாசலில் நின்று திட்டுவார். ஆட்டம் முடியும்வரை திட்டுவார்.

"வாராவாரம் இந்தக் கண்றாவியப் பாத்தா கையி சும்மா இருக்குமாடா? அணைச்சுத் தொலை!"

"பால்குடி மறந்ததுலருந்து பாக்குறேம்மா. ஒரு ஈய அடிச்சிருப்பேனா?"

"அடிக்க வேள வரல, அவ்வளவுதான்."

நானும் சொல்லிப் பார்த்தேன். "டிவிய மூடினா கடையையும் மூடணும்க்கா" என்றான் அந்த மடையன்.

பெரிய வெள்ளி வந்தது. நல்ல வெயில். தம்பி சிலுவையோடு தெரு வழியே மலைக்குக் கிளம்ப, ரோமானியச் சிப்பாய் வேஷத்தில் பால்தசார். கயிற்றால் பட்டும் படாமலும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டல் தலைக்கேறியது. கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினான், நெஞ்சில் குத்திக்கொண்டான். அப்புறம் தம்பியின் மார்பில் உள்ளங்கையால் பளாரென்று ஒன்று.

"வாடா சவரக்காரா!"

இது எந்தச் சுவிசேஷத்திலும் இல்லாத வசனம். தம்பி பொறுத்துக்கொண்டான். இன்னொரு பளார்.

தம்பி சிலுவையைப் பதவிசாகச் சுவரில் சாய்த்து வைத்தான். திரும்பினான். எகிறி, இரண்டு காலையும் சேர்த்துப் பால்தசார் நெஞ்சில் ஒரு உதை. விழுந்தவன் மேல் குறுக்கே படுத்தான்.

"அவன் கால மடக்குப்பா! கால!" என்று கத்தியது சாட்சாத் சீடர் அருளப்பர் வேஷக்காரன்.

கிறிஸ்துவின் முகம் துடைக்கத் துணியோடு காத்திருந்த வெரோணிக்காள் வேஷம் யூப்ரோசினா அம்மாளுக்குத்தான். துணியை வீசியெறிந்தார். மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, பால்தசாரின் இரண்டு தோளும் மண்ணில் படுகிறதா என்று பார்த்தார். பிறகு டிவியில் வரும் மல்யுத்த நடுவர் மாதிரியே உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைந்தார்.

"ஒண்ணு! ரெண்டு!"

"மூணு!" என்றது தெருவே.

அதன் பிறகுதான் எல்லோருக்கும் சுயநினைவு வந்தது. தம்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டு அழுதான். "போச்சுக்கா, எல்லாம் போச்சு." மல்லாந்து கிடந்த பால்தசார், "நாந்தான் மொதல்ல ஆரம்பிச்சேன்" என்று முனகினான். அவனை யார் கேட்டார்கள்? எல்லோரும் தலைவியைப் பார்த்தோம்.

அவர் புழுதி படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உள்ளகூட வந்ததில்லையேடா" என்றார். பிறகு துணியை உதறி எடுத்து, தம்பியின் முகத்தைத் துடைத்தார். "சிலுவைய எடு. மலை இன்னும் பாக்கி இருக்கு."

தம்பி அழுதுகொண்டே மலை ஏறி முடித்தான். நிபந்தனை நிபந்தனைதான் என்று தீர்ப்பையும் அம்மாளே சொல்லிவிட்டார். இந்த வருஷ ஒத்திகையில் கழுதையை முன்னால் அவன் இழுக்கிறான். பின்னால் நின்று அவர் தள்ளுகிறார்.