தலைகீழாக நின்ற ஈ

கல்வராயன் மலையில் ஆங்கில ஆசிரியராக வேலைக்குச் சேரும்வரை நான் ஓர் ஆங்கிலேயரைக்கூடப் பார்த்ததில்லை. என் உச்சரிப்பு முழுவதும் கள்ளக்குறிச்சியில் வாங்கிய ஒரு தடித்த அகராதியிலிருந்து வந்தது. அதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சாய்கோடுகளுக்கு நடுவே குறிகள் இருக்கும். அவற்றில் அடிக்கடி 'ஈ' என்ற ஆங்கில எழுத்து தலைகீழாக நிற்கும். அதை எப்படிச் சொல்வது என்று முன்பக்க விளக்கத்தைப் பார்த்தால், 'அகோ' (ago) என்ற சொல்லின் முதல் ஒலியைப் போல என்று போட்டிருந்தார்கள். அகோவை எப்படிச் சொல்வது என்று புரட்டினால், அங்கேயும் அதே தலைகீழ் ஈ.

அகராதிக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். ஆனால் மறுநாள் வகுப்பில் அதே அகராதியைக் காட்டித்தான் பிள்ளைகளைத் திருத்தினேன்.

என் அறையில் வேளாண்மைத் துறை ஊழியர் ஒருவரும் தங்கியிருந்தார். எழுத்தில் இருப்பதையெல்லாம் வாயிலும் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கீழே சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் வரவில்லை. பள்ளியும் நடக்கவில்லை. வேறு வேலை இல்லாததால் நாங்கள் 'ரிசர்வேஷன்' என்ற சொல்லை வைத்துச் சண்டை போட்டோம்.

"ரெஸவேஷன்னுதான் சார் சொல்லணும். அகராதியில நடுவுல 'ர்' கெடையாது. தலைகீழ் ஈதான் இருக்குது."

"எழுத்துல கீற 'ர்' எங்க சார் போச்சி? பஸ்ஸு இல்லாம நடந்தே பூடுச்சா?"

அதோடு பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு அம்மாதான் எங்களுக்குச் சாமைச்சோறு ஆக்கிப் போடுவார். "அவரு ஊறுகா கேக்கறாரு சார்" என்று எங்களுக்கிடையே தூதும் போனார். அவருடைய மகள் மலைக்குக் கீழே கச்சிராயபாளையத்தில் நிறைமாதமாக இருந்தாள். அதனால் சோறு போடும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "பஸ்ஸு எப்ப சார் வுடுவாங்களாம்?"

கடைசியில் டெல்லியிலிருந்து ஆங்கிலச் செய்தி வாசிப்பவரே எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அறை நண்பரின் டிரான்சிஸ்டரில் பேட்டரி கம்மி. அதை வீணாக்கக் கூடாது என்று, முன்னால் வரும் தமிழ்ச் செய்தியை வைக்கவில்லை. காலையில் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் காதை ஒட்டவைத்துக்கொண்டோம். கரகரப்புக்கு நடுவே அந்தச் சொல் வந்தது.

"கேட்டீங்களா? 'ர்' இல்ல!" என்று நான் துள்ளினேன்.

"கணக்கா கீது சார் 'ர்'!" என்றார் அவர்.

நாங்கள் கத்தி முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. கீழே இறங்கியதும் அந்த அம்மா கேட்டார்: "ரேடியோல இன்னா சார் சொன்னான்? பஸ்ஸு வுடறாங்களாமா?"

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். நான் மனதார அப்படித்தான் நம்பினேன்.

இனிக் காத்திருக்க முடியாது என்று மறுநாள் விடிந்ததும் அந்த அம்மா மூட்டையோடு நடக்கத் தொடங்கினார். துணைக்கு நாங்களும் கிளம்பினோம். பாதி மலை இறங்கியபோது கீழிருந்து உறுமல் கேட்டது. வளைவில் பஸ் ஏறி வந்தது. டிரைவர் நிறுத்திவிட்டுத் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா நடந்துக்கினு வர்றீங்க? போராட்டத்த நிறுத்திட்டாங்கன்னு நேத்து காலம்பறவே ரேடியோல சொல்லிட்டாங்களே!"

அந்த அம்மா மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "ரேடியோவ காதுல வெச்சிக்கினு ரெண்டு பேரும் இன்னாதான் சார் கேட்டீங்க?"

"ஒரு வார்த்தைய கேட்டோம்மா" என்றார் நண்பர்.

"எந்த வார்த்த?"

சொன்னால் இரண்டு விதமாகச் சொல்வோம் என்பதால் இருவருமே வாயைத் திறக்கவில்லை.

பஸ் மேலே போய்த் திரும்பும்வரை அங்கிருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா மகளுக்காகக் கட்டிய தினைமாவைப் பிட்டு எங்களுக்கும் கொடுத்தார். வெட்கத்தைவிடப் பசி ஜாஸ்தியாக இருந்ததால் வாங்கித் தின்றோம்.

அந்த வாரமே மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. திரும்பி வந்த அம்மா பழையபடி எங்களுக்குச் சோறு போட்டார். ஆனால் தினமும் காலையில் அறைக்கு வந்து, புதுப் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டரை எடுத்துப்போய்த் தமிழ்ச் செய்தியைத் தானே கேட்டுக்கொண்டார். ஆங்கிலச் செய்தி முடிந்த பிறகுதான் அது எங்கள் கைக்குத் திரும்பி வரும்.