செத்துக் கிடக்கிற வேஷம்

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் தம்பியை நாங்கள் சின்ன முதலாளி என்போம். வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றியுள்ள ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நாடகம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்க, தம்பி சீத்தைத் துணியை அளந்து கிழித்தபடியே அரசனாகவும் மந்திரியாகவும் மாறி மாறிப் பேசுவார். ரவிக்கைத் துணி வாங்கப் போன பெண்கள் துணியை மறந்துவிட்டு, அந்த மந்திரி கடைசியில் மாட்டினானா இல்லையா என்று பேசிக்கொண்டே தோட்டத்துக்குத் திரும்புவார்கள்.

நாடகத்துக்குப் பிள்ளை எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பிள்ளைகளைச் சோதிப்பதற்கு முன்னால் பெற்றவர்களைச் சோதிப்பார். அடிபட்டுத்தான் அந்த முறைக்கு வந்து சேர்ந்தார்.

நாடகம் எல்லா வருஷமும் ஒன்றேதான், அவரே எழுதியது. ஓர் இளவரசனைப் பாம்பு கடித்துவிடும். அரசி அவனை மடியில் கிடத்தி ஒப்பாரி வைப்பாள். பாடையில் வைத்துத் தூக்கப்போகும் நேரத்தில் ஒரு பரதேசி வந்து தண்ணீர் தெளிக்க, இளவரசன் எழுந்து உட்காருவான். முந்தின வருஷம் இளவரசன் செத்து விழுந்ததுமே, அவனைப் பெற்றவள் கூட்டத்திலிருந்து எழுந்து மேடையேறி, பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டாள். அரசி அழுவதற்குப் பிணம் இல்லை. பரதேசி தண்ணீர்ச் செம்போடு வந்து யார்மேல் தெளிப்பதென்று தெரியாமல் நின்றார். சின்ன முதலாளிக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் அந்த அவமானம் ஆறவில்லை.

அந்தத் தாயைத் தோட்டத்தில் யாரும் குறை சொல்லவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு வெள்ளைத் துணி போர்த்தி ஒப்பாரி வைத்தால் அதன் ஆயுசு குறைந்துபோகும் என்பதில் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் கிடையாது. பிறகு அந்தக் குடும்பம் பாஸ்போட் கிடைத்து இந்தியாவுக்கே போய்விட, இளவரசன் வேஷம் காலியாகிவிட்டது. ஆண்பிள்ளை பெற்றவர்கள் ஒருத்தருக்கும் அதைக் கொடுக்க மனசில்லை.

"புள்ளைங்கள எனக்குப் பழக்கத் தெரியும். பெத்தவங்களத்தான் மொதல்ல பழக்கணும்" என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டார். சோதனை நாளன்று தாயோ தகப்பனோ ஒருவர் முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பிள்ளை செத்து விழுவதிலிருந்து பாடை வெளியே போவதுவரை பார்க்கவேண்டும். எழும்பக் கூடாது, சத்தம் போட்டு அழக்கூடாது. பெற்றவர்கள் தவறினால் பிள்ளைக்கு வேஷம் இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின வருஷம் தோழியாக நின்று அரசிக்கு விசிறி வீசியிருந்தேன், வசனமே கிடையாது. இளவரசனுக்கோ சரிகை வைத்த தலைப்பாகை உண்டு. அந்தத் தலைப்பாகைக்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகத் தயாராக இருந்தேன்.

"பொட்டப்புள்ளைக்கு ஆம்பள வேசம். அதுலயும் சாகுற வேசம். வேற சோலி இல்லயா?" என்றார் அப்பா. நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். இரண்டு வேளைக்கு மேல் என்னால் தாக்குப்பிடித்திருக்க முடியாது, நல்லவேளை அதற்குள் அம்மா வாய் திறந்தாள். "ஆசப்படுது. நா போய் குந்திக்கிறேன்."

எனக்குச் சாகப் பழக்கியவர் சித்தப்பா. ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து குளித்ததும், லயத்து வீட்டுக் காம்பராவில் பாயை விரித்து என்னைப் படுக்கவைப்பார். ஈர்க்குக் குச்சியால் காதிலும் உள்ளங்காலிலும் கிச்சுக்கிச்சு மூட்டுவார். நான் சிரித்தால் தலையில் ஒரு குட்டு. ஓர் எறும்பைப் பிடித்து என் கன்னத்தில் விட்டதுகூட உண்டு. "பொணத்துக்கு எறும்பு தெரியுமா?" என்று அவர் கேட்பார், பிணம் கண்ணீர் விட்டுக்கொண்டு கிடக்கும்.

நான் செத்துக் கிடக்கும் நேரமெல்லாம் அம்மாவுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். கழுவிய பானையையே எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போவாள். என் நடிப்பு அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மூத்தவன் ஒருவன் இருந்திருக்கிறான். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டான், நான் அப்போது கைக்குழந்தை. வீட்டில் அதை யாரும் மறைத்ததில்லை. தீபாவளிக்கு முதல் நாள் அவனுக்கென்று ஓர் இலை போட்டு, அவனுக்குப் பிடித்த பேக்கரிப் பணிஸ் ஒன்றை வைப்பார்கள். படைத்து முடிந்ததும் அந்தப் பணிஸ் எனக்கு. அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பணிஸ்தான்.

சோதனை பௌத்தர்களின் ஒரு போயா தினத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு போய்ப் போயா லீவு வந்திருந்த காலம் அது. துணிக்கடை மூடியிருந்ததால் சின்ன முதலாளி காலையிலேயே மலையேறித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தோட்டத்து மேல்கணக்குப் பிரிவு அக்கா ஒருத்திதான் அரசி. அவளுக்கு ஒப்பாரி அப்படி வரும்.

இளவரசனுக்கு என்னைத் தவிர இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். முதல் பையனின் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு முன் வாங்கில் உட்கார்ந்தார். அரசி "என் ராசாவே" என்று ஆரம்பித்ததும், "போதும், எந்திரிடா" என்று அவர் போட்ட அதட்டலில் பையன் மட்டுமல்ல, அரசியும் எழுந்துவிட்டாள். இரண்டாவது பையனின் அம்மா எழும்பவில்லை. அரசி அழ அழ அவளுக்கு உதடு துடித்தது, அப்புறம் அவளும் பாட்டை எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி ஒப்பாரி வைத்தால் அவளைத் தனியாக அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. பின்னாலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து தோளைக் கட்டிக்கொண்டு உட்கார, பள்ளிக்கூடம் உண்மையான சாவு வீடாகிவிட்டது. கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்களவர் சத்தம் கேட்டுச் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். "கவ்த மெருணே?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் சாகவில்லை, நாடகம் என்று சின்ன முதலாளி சிங்களத்தில் விளக்கினார். அவர் தலையாட்டிவிட்டு அப்படியே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவரும் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து நான். அப்பா பீடி பற்றவைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். அம்மா முன் வாங்கில் வந்து உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பாம்பு கடித்தது, விழுந்தேன், வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். அரசி எத்தனையோ பிள்ளைக்கு அழுததையெல்லாம் சேர்த்து எனக்கு அழுதாள். இமையிடுக்கு வழியாக நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. பாடை தூக்க வந்த பெரிய பையன்களில் ஒருவன் கெட்டிக்காரத்தனமாக என் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டப்போனான். அப்போது மட்டும் அம்மா பேசினாள்.

"வெரல மட்டும் கட்ட வேணாங்க மொதலாளி."

அவர் பையனை விலக்கிவிட்டார். பாடை வாசலைத் தாண்டிப் போனது. சின்ன முதலாளி அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, நாடகத்துக்கு ஏற்ற தாய் இவங்கதான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பின்னாலிருந்து யாரோ கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

தலைப்பாகை எனக்குத்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஊரான் பிள்ளைக்குத் தேத்தண்ணிக் கடைக்காரர்கூட அழுதிருக்கிறார், எனக்குப் பெற்ற தாய் ஒரு சொட்டு விடவில்லை. லயத்துக்குத் திரும்பும் வழியில் கேட்டே விட்டேன்.

"நா செத்தா நீ அழ மாட்டியாம்மா?"

"நீ எங்கடி செத்த? வயிறு அசஞ்சிக்கிட்டுத்தான இருந்திச்சு. அதயேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா என் நடிப்பில் குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். சித்தப்பாவிடம் ஓடிப்போய் முறையிட்டேன். அவர் என் வயிற்றின் மேல் ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, அது ஆடாமல் மூச்சுவிடப் பழக்கினார். மூச்சை நெஞ்சுக்கூட்டின் பின்பக்கமாக, இருக்கிறதோ இல்லையோ என்று விடவேண்டும். தீப்பெட்டி விழாமல் நிற்கும்வரைக்கும் நான் விடவில்லை.

இன்று எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளை தூங்கும்போது வயிறு அசைகிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அந்த முன் வாங்கில் உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்துக்கொள்வேன். ஒரு சரிகைத் தலைப்பாகைக்காக நான் கேட்டது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நான் பட்ட கடனை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

நாடகம் கடைத்தெரு மண்டபத்தில், மத்தியானத்துக்கு மேல் நடந்தது. தோட்டங்களிலிருந்து வந்த சனம் ஜன்னலிலெல்லாம் தொங்கியது. அம்மா சொன்னபடி முன்வரிசையில் இருந்தாள். பாம்பு கடித்ததும் விழுந்தேன். அன்றைக்கு நான் செத்ததுபோல் யாரும் செத்திருக்க முடியாது. எறும்பு இல்லை, சிரிப்பு இல்லை, வயிற்றில் தீப்பெட்டி இருந்திருந்தால் அது சுவரைப்போல நின்றிருக்கும். இமையிடுக்கில் பார்த்தேன். அம்மா வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து என் வயிற்றையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். எழும்பிவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தவள், எழும்பவில்லை. இன்றைக்குக் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காது என்று நான் இன்னும் கொஞ்சம் மூச்சை அடக்கினேன்.

பரதேசி வந்தார், தண்ணீர் தெளித்தார். நான் எழுந்து உட்கார்ந்து, பழகியபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மா, வெகுநேரம் தூங்கிவிட்டேனா?" என்றேன்.

முன்வரிசையில் அம்மா உடைந்து போனாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்காமல், மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அரசியாக இருந்த அக்கா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். அந்தக் கலவரத்தில் "எனக்குப் பசிக்கிறது" என்ற அடுத்த வசனம் எனக்கு மறந்தே போயிற்று. பரதேசி சமாளித்து ஆசீர்வாதம் செய்ய, திரையை இழுத்துவிட்டார்கள்.

"பாடைக்கு அழாத பொம்பள பரதேசிக்கு அழுதிருச்சே" என்று சின்ன முதலாளி மேடைக்குப் பின்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இதற்கு யாரையும் பழக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் நான் அம்மாவிடம் ஏன் அழுதாய் என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பசிக்குதுன்னு சொல்லணுமில்ல? அத விட்டுட்டியே, அதுக்குத்தான்."

பிறகு பேக்கரிக்குள் போய் ஒரு பணிஸ் வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். தீபாவளிக்கு இன்னும் நாள் கிடந்தது. எதற்கென்று நானும் கேட்கவில்லை, தின்பண்டம் கிடைத்தால் காரணம் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. நான் தின்னத் தின்ன அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வசனம் விட்டதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அடுத்த வருஷம் இன்னும் நன்றாகச் சாகவேண்டும் என்று பணிஸை மென்றபடியே தீர்மானித்துக்கொண்டேன். எழுந்து உட்காருவதில் பழகுவதற்கு அப்படியொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.