யாங்ஸ்கித் தூவிய மண்

எங்கள் ஸான்ஸ்கார் மலைப் பள்ளத்தாக்கில் பனி தானாகக் கரையட்டும் என்று காத்திருந்தால் பார்லி விளையாது. குளிருக்கு முன்பே மண்ணை அள்ளி வீட்டுக்குள் சேர்த்துவைத்து, வெயில் ஏறியதும் வயல் பனிமேல் தூவுவோம். கறுத்த பனி சீக்கிரம் கரையும். அவரவர் வயலில் மட்டுமே தூவலாம் என்பது ஊர்க்கட்டுப்பாடு.

என் அண்ணி யாங்ஸ்கித்துக்குப் பொறுமை கிடையாது. அந்த வருஷம் இடுப்பளவு பனி. தன் வயலில் தூவிவிட்டு, மீதிக் கூடையோடு ஓடைக்கு மேலே சரிவிலும் ஏறிவிட்டாள்.

"சரிவுல கை வைக்காதீங்க அண்ணி," என்றேன்.

"நீ போய் டீ போடு. இது கரையறதுக்குள்ள உனக்கு நரைச்சுடும்."

அடுத்த வாரமே வெதுவெதுப்பான காற்று வந்தது. இரவெல்லாம் மேகம் மூடியிருந்ததால் பகலில் உருகியது மறுபடி உறையவில்லை. அதன்மேல் மழையும் கொட்டியது. பள்ளத்தாக்கு முழுக்க ஆறு பொங்கியது. எங்கள் ஓடை கரையை அறுத்து, கீழே இருந்த அண்டைவீட்டுப் புந்த்சோக்கின் வயல் மண்ணை வழித்துக்கொண்டு போனது. அவனுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். மிஞ்சியது கல்.

அண்ணி அவனிடமே போய்ச் சரிவில் தூவியதை ஒப்புக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் மன்னிப்புக்காகக் கோடை முழுக்கத் தன் வயல் மண்ணைச் சுமந்து அவன் கல்லின்மேல் கொட்டினாள்.

"மண்ணு தூவாத ஊர்லயும்தான் வெள்ளம் வந்துச்சு. மழை செஞ்ச வேலை அது," என்பேன்.

"சரிவுல ஏறினது மழையில்லையே," என்பாள்.

ஒரு கூடை மண்ணால் மலையையே உருக்கிவிட்டதாக நினைப்பு. எனக்கு எரிச்சலாக வரும்.

மறுவருஷம் பனி கிடந்தபோது புந்த்சோக் கூடையோடு வாசலில் வந்து நின்றான்.

"தோள் வலி, அக்கா. என் வயல்ல நீங்கதான் தூவணும்."

"என் கையாலயா?"

"பனியக் கரைக்கறதுல உங்கள மிஞ்ச ஆள் உண்டா?"

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

தூவப் போனவளை வெகுநேரம் காணோம். திட்டத்தான் போனேன். வயல் கறுத்திருந்தது. எல்லைக் கல்லுக்கு அப்பால், காற்றில் பறந்து விழுந்த மண்துகள்களைப் பனியில் முழந்தாளிட்டு வெறும் விரலால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.