போண்டாவின் பல்லும் புஷ்பவள்ளியின் இரண்டு விரலும்

புஷ்பவள்ளிக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும். மனசு நொந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அந்த வாரம் பேச்சு நின்றிருந்தது. காரணம் ஒரு முயல்.

கெலாங் பாத்தாவில் மைமூனின் பிரியாணிக் கடையில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை, இலை ஆய்வது. கொத்தமல்லியும் புதினாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காலை ஏழு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பிப் பழுத்த இலை ஒன்றுகூட அண்டாவுக்குள் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு, இருக்கட்டுமே.

முயலை அவள் வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனபோது பெட்டியோடு விட்டுப் போனது. பழுப்பு நிறத்தில் உருண்டையாக இருந்ததால் போண்டா என்று பெயர் வைத்தாள். கூண்டு கழுவுவது, காங்கோங் கீரை நறுக்கிப் போடுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவள். ஆனால் போண்டா போய் ஒட்டிக்கொண்டதோ அவள் புருஷன் அய்யாவுவிடம். தொழிற்சாலை பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்காருவார், அது பாதத்தின்மேல் படுத்துக்கொள்ளும். ஒரு துண்டு கேரட்கூட அவர் கையால் கொடுத்ததில்லை.

வேலை முடிந்து வந்து அவள் கையை நீட்டினால் மட்டும் நறுக்கென்று ஒரு கடி. நாளுக்கு ஒரு பிளாஸ்டர்.

"சோறு போடுற கையையே கடிக்குதுங்க இது."

"நீ அதட்டுற, அது பயப்படுதுலா," என்பார் அய்யாவு, பாதத்தில் முயலோடு.

அவளும் செய்யாத வித்தை இல்லை. மூக்கில் லேசாகத் தட்டிப் பார்த்தாள், மறுநாள் இன்னும் ஆழமாகக் கடித்தது. கடித்தவுடன் கீச்சென்று கத்தினால் வலிக்கிறதென்று முயலுக்குப் புரியும் என்று கைப்பேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். குளித்துக்கொண்டிருந்த அய்யாவு சோப்பு நுரையோடு ஓடிவந்ததுதான் மிச்சம். போண்டா காதை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடியும் கடித்தது.

வியாழக்கிழமை மைமூன் அவள் விரலைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, பிளாஸ்டரோட இலையில கை வைக்காதீங்க. சாப்பிடுற சாமான். காயம் ஆறுற வரைக்கும் வீட்டுல இருங்க. ஆனா இப்படியே வாராவாரம் கடி வாங்கிட்டு வந்தா நான் வேற ஆள்தான் பாக்கணும். அந்த முயல யாருக்காச்சும் கொடுத்துருங்களேன்."

மைமூன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் புஷ்பவள்ளியால் சண்டை போட முடியவில்லை. அன்று மாலையே கோத்தா திங்கியில் இருக்கும் தம்பி வேலுவுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவன் வீட்டில் இடம் இருக்கிறது, கோழி இருக்கிறது. மழைக்காலத்தில் இடுப்பளவு வெள்ளமும் வரும். கோழிகளைப் பரண்மேல் ஏற்றின கதையைப் போன வருடம் அவனே சிரித்துச் சிரித்துச் சொன்னான். இப்போது நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளியும் சனியும் வீட்டில் இருந்தாள். போண்டா கடிக்கவே இல்லை. நாள் முழுக்க அவள் புடவை ஓரத்தையே முகர்ந்துகொண்டு பின்னால் வந்தது. போகப்போவது தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் வேலு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினான். அடுப்பில் கோழிக் குழம்பும் ரசமும் கொதித்தன. விரலில் பிளாஸ்டர் இருந்ததால் ரசத்துக்குக் கொத்தமல்லி ஆயும் வேலை அய்யாவு தலையில் விழுந்தது. காம்பும் பழுப்புமாக அவர் கிள்ளிப் போட்டதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிடுறதுக்கு முன்னால அத பெட்டியில போட்டுருவோம் மாமா," என்றான் வேலு.

"எங்கிட்டன்னா சமத்தா வரும்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அய்யாவு கூண்டுக்குள் கையை விட்டார்.

"அலமாக்!"

அலறிவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றார். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் பல் பதிந்திருந்தது. புஷ்பவள்ளி ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். தன் விரலில் கடித்த அதே இரண்டு இடம். இலை கிள்ளுகிற விரல்கள். நக இடுக்கெல்லாம் பச்சை. முகர்ந்து பார்த்தாள்.

அடுப்படிக்குப் போய் ஒரு கொத்து மல்லித்தழையை எடுத்து வந்து கூண்டுக்குள் போட்டாள். போண்டா அதன்மேல் பாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தின்றது.

கடையில் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாசம் நகத்தைவிட்டுப் போவதில்லை. பதினோரு வருடத்தில் அவள் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. முயலின் மூக்குக்குப் பழகவில்லை.

"என்னைக் கடிக்கலடா வேலு," என்றாள். "கொத்தமல்லியத்தான்டா கடிச்சிருக்கு!" சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அய்யாவுவின் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம், கட்டிய மனைவிக்குக் கொஞ்சம் அதிகம்தான். வேலு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காலிப் பெட்டியோடு கோத்தா திங்கிக்குத் திரும்பினான்.

காயம் ஆறி வேலைக்குப் போன முதல் நாள், மைமூனிடம் கேட்டு மல்லிக் காம்பு ஒரு பை கொண்டுவந்தாள். காம்பைப் போண்டாவுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, பாதி எலுமிச்சம்பழத்தை நகத்தில் அழுத்தித் தேய்த்துக் கையைக் கழுவினாள். அது தின்று முடித்த பிறகு மூக்குக்கு நேராக நீட்டாமல் பக்கவாட்டில் மெதுவாகக் கையை விட்டாள்.

போண்டா இரண்டு விரலையும் மோந்து பார்த்தது. அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். பிறகு அது தலையைத் தாழ்த்தி உள்ளங்கைக்கு அடியில் நுழைத்துக்கொண்டு அப்படியே படுத்துவிட்டது.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த அய்யாவு வாசலிலிருந்தே டீ கேட்டார்.

"நீங்களே போட்டுக்குங்க," என்றாள் புஷ்பவள்ளி. "எனக்குக் கை ஒழியல."