நாற்பது நாளுக்குப் பிறகும் தாங்கியவர்

தொண்டையில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று மதுரையில் டாக்டர் சொன்ன அன்று, வெளியே வந்ததும் நான் தேடியது ஆண்டவரை அல்ல, தீப்பெட்டியை. இருபது வருஷ சிகரெட் பழக்கம். வாராவாரம் குடியும் உண்டு.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் முடிந்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்து, கஞ்சிகூட இறங்காமல் கிடந்த நாட்களில் அழுது ஜெபித்தேன். ஆண்டவர் உயிரைத் திருப்பித் தந்தார். எனக்குப் புத்திதான் திரும்பவில்லை.

எங்கள் சபையில் நான் உட்படப் பல ஆண்கள் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் சிகரெட்டையும் பாட்டிலையும் தொடமாட்டோம். ஈஸ்டர் ஆராதனை முடிந்து கறிக்குழம்பு கொதிக்கும்போதே எல்லாம் திரும்ப வந்துவிடும். நாற்பது நாள் தொடாமல் இருக்க முடிகிறதே, நினைத்தால் விட்டுவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். சிகிச்சைக்குப் பிறகும் அப்படியே செய்தேன். அந்த ஈஸ்டர் மதியம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சான் வீட்டு மாடியில் நான் புகைப்பதை என் மனைவி எஸ்தர் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை.

“அவரு உயிர்த்தெழுந்த நாளும் அதுவுமா நீங்க சாவத் தேடிப் போறியளே,” என்றாள்.

உடைந்துபோனேன். முழங்காலில் நின்று, “ஆண்டவரே, பொருத்தனை செய்தே உம்மை ஏமாற்றிவிட்டேன். என்னால் முடியாது, வழி காட்டும்” என்று கேட்டேன்.

அடுத்த செக்கப்பில் உண்மையைச் சொன்னேன். நர்ஸ் என்னை உட்காரவைத்தார். “அண்ணாச்சி, ஆசை வந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க. ஒடம்புல எங்க இருக்குன்னு பாருங்க, மூச்சக் கவனிங்க. செத்த நேரத்துல அதுவா அடங்கும்.” ஜெபிக்கிறவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் எல்லோரும் பெட்டிக்கடைக்குப் போனார்கள். நான் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தேன். நாக்கு ஊறியது. விரல் நடுங்கியது. நெஞ்சு இறுகியது. ஒவ்வொன்றாகக் கவனித்தேன். மூச்சு உள்ளே போகும்போது “இயேசுவே”, வெளியே வரும்போது “இரங்கும்” என்றேன். ஏறிய ஆசை மெதுவாக இறங்கியது. நான் கேட்ட வழி இதுதான் என்று புரிந்ததும் அழுதுவிட்டேன்.

சிகரெட்டைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டி திரும்ப வரவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் குடியை முழுதாக விட்டேன் என்று பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டு முறையும் எஸ்தரிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் என்னோடு உட்கார்ந்து ஜெபித்தாள்.

ஜெபித்தும் தோற்றுப்போன சகோதரரே, வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். ஆசை வந்து நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் பலம் கேளுங்கள். அவர் தருவார். எனக்காகவும் ஜெபியுங்கள். சம்பளம் வாங்குகிற சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.